ஓர் அமிலமும் மூன்று ஏடுகளும்

மலாயாவின் ரப்பர் வரலாற்றை எழுதப் புகுந்தோர் 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளையும், ரிட்லியின் முயற்சியையும், தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த பால்வெட்டுத் தொழிலாளரையும் விரித்துரைப்பர். வெட்டிய பால் சென்று சேரும் ஆலையைப் பற்றி எழுதினோர் சிலரே. தரம், பாதுகாப்பு, சுற்றுச்சூழல் ஆகிய மூன்றையும் ஒரே நிர்வாக முறையாக இணைத்தல் வேண்டும் என்று இன்று தொழில்துறையார் வலியுறுத்துகின்றனர். அதன் பொருளை அறிய அவ்வாலையின் தொட்டியருகே சிறிது நேரம் நிற்பதே போதும்.

பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். பார்மிக் அமிலத்தை நீர்த்துச் சேர்த்தால் பால் உறைந்து கட்டியாகும். (எறும்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது இவ்வமிலத்தின் பெயர். அதன் கடுப்பை அறிந்தவர்க்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும்.) அமிலம் குறைந்தால் உறையாத ரப்பர் நீரோடு ஓடும், ஆலைக்கு நட்டம், ஆற்றுக்குக் கேடு. மிகுந்தாலோ, பின்னர் ரப்பரைக் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்துவது தாமதமாகும்; கழிவுநீரின் புளிப்பும் ஏறும். நீர்க்காத அமிலம் மேலே பட்டால் தோல் வெந்துபோகும். ஒருவர் ஒருமுறை அளந்து ஊற்றும் அமிலத்தில் வாங்குவோரின் நலம், தொழிலாளியின் உடல், ஆற்றின் உயிர் மூன்றும் அடங்கியிருக்கின்றன.

ஆயினும் இம்மூன்றும் ஒரே காலத்தில் கவனிக்கப்பட்டனவா? இல்லை. முதலில் முறையாக அளக்கப்பட்டது சரக்கே. புகையூட்டிய தகடுகளைக் கண்ணால் பார்த்துத் தரம்பிரித்த வழக்கத்தின் இடத்தில், 1965இல் மலேசியத் தரநிலை ரப்பர்த் திட்டம் வந்தது. அழுக்கும் சாம்பலும் ஆய்வுக்கூடத்தில் அளக்கப்பட்டன. ஆற்றின் முறை பின்னரே வந்தது: 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம், 1978இல் ரப்பர் ஆலைகளின் கழிவுநீருக்கெனத் தனி விதிகள். கழிவுநீரைக் குளங்களில் தேக்கி, நுண்ணுயிர்களால் தூய்மையாக்கும் முறை அதன்பின் பரவியது. தொழிலாளிக்கு 1967இன் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் ஓரளவு காப்பளித்தது. வேளாண்மையையும் உட்கொண்ட பரந்த சட்டம் 1994இல்தான் வந்தது. சுங்கை பூலோவில் 1991இல் பட்டாசு ஆலை வெடித்துப் பலர் மாண்ட பிறகே அச்சட்டம் பிறந்தது என்பது நினைக்கத்தக்கது.

உலக அளவிலும் இவ்வாறே நிகழ்ந்தது. ஐ.எஸ்.ஓ. நிறுவனத்தின் தர நிர்வாகத் தரநிலை 1987இலும், சுற்றுச்சூழலுக்கானது 1996இலும், தொழிற் பாதுகாப்புக்கானது 2018இலும் வெளிவந்தன. மூன்றுக்கும் பொதுவான கட்டமைப்பு 2012இல் வகுக்கப்பட்டமையால் இணைப்பு எளிதாயிற்று. அதுவரை ஆலைகளில் மூன்று ஏடுகள், மூன்று அதிகாரிகள், மூன்று தணிக்கைகள்!

மூன்று ஏடுகளையும் ஒரே அட்டைக்குள் தைத்துவிட்டு, 'இணைத்துவிட்டோம்' என்பாரும் உளர். அதை இணைப்பென்று நாம் ஒப்புவதற்கில்லை. அமிலத்தின் அளவை மாற்ற முடிவு செய்யும்போது சரக்கு, கை, ஆறு மூன்றையும் ஒரே அமர்வில் வைத்துக் கேட்பதே இணைப்பு. அங்கே தொட்டியருகே நிற்பவருக்கும் இடம் வேண்டும். 2018ஆம் ஆண்டுத் தரநிலை, தொழிலாளரைக் கலந்தாலோசித்தலையும் அவர்தம் பங்கேற்பையும் கட்டாயமாக்கியுள்ளது. கலயத்தைக் கையில் ஏந்தியவரின் சொல்லும் இனி அவ்வேட்டில் ஏறவேண்டும்.