மோதினால் பொறு, பிறகு அனுப்பு

கல்லூரி ஆய்வகத்துக் கணினியின் பின்புறம் செருகியிருக்கும் ஈதர்நெட் கேபிளின் பூர்வீகம், கம்பியே இல்லாத ஒரு வலையமைப்பு. அது பிறந்த இடம் பசிபிக் கடலின் ஹவாய் தீவுகள்.

ஸ்டான்ஃபோர்டில் இருந்த நார்மன் ஏப்ரம்சன், அலைச்சறுக்கு விளையாட்டின் மேல் கொண்ட ஆசையால் ஹவாய் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே தொலைபேசி இணைப்புகளுக்குச் செலவு அதிகம், தரமோ குறைவு. ஆகவே 1971இல் அவரது குழு ரேடியோ வழியே முனையங்களைக் கணினியோடு இணைத்தது. அதுதான் அலோஹாநெட். எல்லா முனையங்களும் ஒரே அலைவரிசையில் செய்தியைச் சிறு பாக்கெட்டுகளாக அனுப்பும். இரண்டு ஒரே சமயத்தில் கிளம்பினால் மோதிச் சிதையும். 'வந்து சேர்ந்தது' என்ற பதில் வராவிட்டால், ஒவ்வொரு முனையமும் தற்செயலாக அமையும் ஒரு நேரம் காத்திருந்து மறுபடி அனுப்பும். முறை வைத்துக் கொடுக்க யாருமே தேவைப்படவில்லை. ஆனால் கேட்டுப் பார்க்காமலே அனுப்பியதால், அலைவரிசையின் திறனில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் பயன்பட்டது.

ஏப்ரம்சனின் கட்டுரை பாப் மெட்காஃபின் கையில் கிடைத்தது. ஹார்வர்டு ஏற்க மறுத்திருந்த தன் ஆய்வேட்டை அவர் அலோஹா கணக்கைச் சேர்த்து நிறைவு செய்தார். கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் ஆய்வகத்தின் கணினிகளையும் லேசர் பிரிண்டரையும் இணைக்க, 1973இல் அதே யோசனையைக் கம்பிக்குள் இறக்கினார். அதுதான் ஈதர்நெட். சக ஊழியர் டேவிட் பாக்ஸ் துணை நின்றார். கம்பி சும்மா இருக்கிறதா என்று முதலில் கேள். மோதல் தெரிந்தால் உடனே நிறுத்து: இவைதான் புதிதாகச் சேர்ந்த விதிகள். பந்தியில் இருவர் ஒரே கரண்டிக்குக் கை நீட்டி, இருவருமே பின்வாங்குவதைப் போல.

பின்னாளில் வந்த 10 மெகாபிட் ஈதர்நெட்டில் இந்தக் காத்திருப்பு மைக்ரோ விநாடிக் கணக்கு. ஒரு துண்டு நேரம் 51.2 மைக்ரோ விநாடி. முதல் மோதலுக்குப் பின் 0, 1 என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்து அத்தனை துண்டுகள் பொறுக்க வேண்டும். இரண்டாம் மோதலுக்கு 0 முதல் 3 வரை, மூன்றாவதற்கு 0 முதல் 7 வரை. நெரிசல் கூடக்கூடப் பொறுமையும் கூடும். 16 முறை தோற்றால் கைவிடும். அன்றைய கேபிள் விரல் தடிமன். 2.5 மீட்டருக்கு ஒரு குறி இருக்கும். அந்தக் குறியில் ஊசியைக் குத்தி, நடுக்கம்பியைத் தொட்டுத்தான் கணினியை இணைத்தார்கள்.

1980இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய நிறுவனங்கள் மூன்றும் சேர்ந்து ஈதர்நெட்டின் விதிமுறையை வெளியிட்டன. யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம் என்றானதும் பலரும் இறங்கினார்கள், விலை சரிந்தது. மோதலே இல்லாத, முறைப்படி அனுமதி சுற்றிவரும் ஐ.பி.எம்.மின் டோக்கன் ரிங் அந்த விலையோடு போட்டியிட முடியாமல் ஒதுங்கியது. 1990இல் ஈதர்நெட் தொலைபேசிக் கம்பி போன்ற முறுக்குக் கம்பிக்கு மாறியது. அதே ஆண்டில், இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜ் பங்கேற்றுத் தொடங்கிய 'கல்பனா' நிறுவனம் ஈதர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கணினிக்கும் தனிப்பாதை கிடைக்க, மோதல்கள் மெல்ல மறைந்தன. 1994இல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது.

கம்பியில் தேவையற்றுப் போன அந்தப் பொறுமை, 1997இல் வைஃபை தரநிலையோடு மறுபடி காற்றில் ஏறியது. 2ஜி கைபேசி கோபுரத்திடம் முதலில் இடம் கேட்பதும் அலோஹா முறையில்தான். நெட்வொர்க் பாடம் தொடங்கும் மாணவர்கள் அடுக்குகளையும் முகவரிகளையும் மனப்பாடம் செய்வதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: தவறு நடக்கும் என்று முன்பே ஒப்புக்கொண்டு, மீள ஒரு வழி வைத்திருந்ததால்தான் இந்த ஏற்பாடு ஐம்பது ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது.