வயதும் ருசியும்: விஸ்கியின் சரித்திரத்திலிருந்து சில குறிப்புகள்

விஸ்கிப் புட்டியின் நெற்றியில் அச்சிட்டிருக்கும் எண் எதைச் சொல்கிறது என்று நம்மில் அநேகர் கேட்டுக்கொள்வதில்லை. 12 என்றால் நல்லது. 18 என்றால் அதைவிட நல்லது. 25 என்றால் பேச்சுக்கே இடமில்லை. நாக்கில் பட்ட பிறகு வரவேண்டிய தீர்ப்பு, புட்டியைக் கையில் எடுத்தபோதே வந்துவிடுகிறது. ரசனையை முன்வைத்து இத்தனை காலமாகச் சிறுபத்திரிகைகளில் சண்டை பிடித்து வந்திருக்கும் நாம், தம்ளரை எடுத்ததும் ஓர் எண்ணுக்குப் பணிந்துவிடுவது எனக்குச் சற்று விசித்திரமாகவே படுகிறது. இந்த எண்ணுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அது ருசியின் சரித்திரம் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போகிறவனுக்கு, வழியில் எதிர்ப்படுகிறவர்கள் கலால் அதிகாரிகள், பாங்கிக்காரர்கள், யுத்த கால மந்திரிகள்.

வாலையிலிருந்து வடிந்து விழும்போது விஸ்கிக்கு நிறம் கிடையாது. தண்ணீரைப்போல இருக்கும், வாயில் வைத்தால் தானியமும் நெருப்பும். அதன் பொன்னிறமும் ருசியில் பெரும்பகுதியும் பிற்பாடு ஓக் மரப் பீப்பாய் கொடுப்பவை. பீப்பாயை யாரும் ருசிக்காகக் கண்டுபிடிக்கவில்லை. உருட்டிக்கொண்டு போகச் சௌகரியமான பாத்திரம் அது. உப்பிட்ட மீனுக்கும் வெண்ணெய்க்கும் ஆணிக்கும் அதையே உபயோகித்தார்கள். சரக்கு அதில் காத்துக் கிடந்தபோது மரம் தன் வேலையைச் செய்தது. சூட்டில் வாட்டிய மரத்தின் லிக்னின் சிதைந்து வெனிலா மணத்தைத் தருகிறது. ஓக்கிலுள்ள லாக்டோன் தேங்காய் மணத்தைத் தருகிறது. உட்புறம் கரித்த பீப்பாயில் அந்தக் கரி கந்தக வாடையை உறிஞ்சிக்கொள்கிறது. மரத்தின் நுண்துளைகள் வழியே காற்று உள்ளே போகிறது, சாராயம் ஆவியாக வெளியே போகிறது. ஸ்காட்லாந்தில் வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம் இப்படிப் போகிறது; அதைத் தேவதைகளின் பங்கு என்கிறார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துக்காரன் பெரும்பாலும் விஸ்கியைப் பச்சையாகவே குடித்தான். மலைப்பகுதியில் கள்ளத்தனமாக வடித்தவனுக்குப் பீப்பாய்களை அடுக்கிவைத்துப் பத்து வருஷம் காத்திருக்க முடியாது. அதற்குள் கலால்காரன் வந்துவிடுவான். விஸ்கியைக் கவிதையில் கொண்டாடிய ராபர்ட் பர்ன்ஸ் 1789-ல் தாமே கலால் உத்தியோகத்தில் சேர்ந்தார் என்பது ஒரு வேடிக்கை. இன்று அவருடைய பிறந்த நாளில் அவர் பேரைச் சொல்லி 12 வருஷச் சரக்கை உயர்த்திப் பிடிக்கிறார்கள். 1796-ல் இறந்துபோன அந்தக் கவி புகழ்ந்த பானத்துக்கும் இதற்கும் நிறத்திலாவது ஒற்றுமை இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

1823-ம் வருஷச் சட்டம் தீர்வையைக் குறைத்து, லைசென்ஸோடு வடிப்பதை லாபகரமாக்கிற்று. அடுத்த வருஷமே கிளென்லிவெட் பள்ளத்தாக்கில் ஜார்ஜ் ஸ்மித் லைசென்ஸ் எடுத்தார். சர்க்கார் பூட்டிய கிடங்கில் சரக்கு இருக்கும்வரை தீர்வை கட்டவேண்டாம், வெளியே எடுக்கும்போது கட்டினால் போதும் என்ற ஏற்பாடு நிலைபெற்றதும் காத்திருப்பது சாத்தியமாயிற்று. முதுமை ஒரு குணமாவதற்கு முன்னால் அதற்கு வரிச்சலுகை ஒன்று தேவைப்பட்டிருக்கிறது.

1830-ல் ஈனியஸ் காஃபி என்ற அயர்லாந்துக்காரர் இடைவிடாமல் வடிக்கும் கோபுர வாலை ஒன்றுக்கு உரிமை பெற்றார். இவரும் கலால் இலாகாவில் இருந்தவர்தான். மலிவான தானியத்திலிருந்து மெல்லிய, அதிக வாசனையில்லாத சாராயத்தை அது வெள்ளமாகக் கொட்டியது. டப்ளினின் பெரிய வடிசாலைக்காரர்கள் அதை விஸ்கி என்றே ஒப்புக்கொள்ளவில்லை. 1878-ல் நாலுபேர் சேர்ந்து அதற்கு எதிராக ஒரு புத்தகமே போட்டார்கள். ஸ்காட்லாந்துக்காரர்களோ அதைப் பானை வாலையில் வடித்த மால்ட் விஸ்கியோடு கலந்து உலகம் முழுவதும் விற்றார்கள். பிரான்ஸில் ஃபிலாக்ஸெரா பூச்சி திராட்சைத் தோட்டங்களை அழித்ததில் பிராந்தி கிடைக்காமற்போன இங்கிலீஷ் கனவான்கள் இந்தக் கலவைக்குத் திரும்பினார்கள்.

இந்தச் செழிப்பின் உச்சியில் நின்றவர்கள் லீத் துறைமுகத்துப் பாட்டிஸன் சகோதரர்கள். விஸ்கியின் பேரைச் சொல்லக் கிளிகளைப் பழக்கி விளம்பரத்துக்குக் கொடுத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கிடங்கிலிருந்த ஒரே சரக்கைக் காட்டிப் பல இடங்களில் கடன் வாங்கினார்கள். மலிவான தானியச் சாராயத்தில் கொஞ்சம் மால்ட்டைத் தெளித்து, பழைய உயர்ந்த கிளென்லிவெட் என்று விற்றார்கள். 1898 டிசம்பரில் கம்பெனி விழுந்தது. கூடவே பல கம்பெனிகள் விழுந்தன. சகோதரர்கள் இருவரும் 1901-ல் சிறைக்குப் போனார்கள். அவர்களைக் காட்டிக்கொடுத்தது கணக்குப் புத்தகம். அந்தச் சரக்கை வருஷக்கணக்கில் குடித்தவர்களின் நாக்கு காட்டிக்கொடுக்கவில்லை. 'பழையது' என்ற சொல் நாக்கை எப்படி உறங்கவைக்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சியம் எனக்குத் தெரியாது.

பிறகு கேள்வி கோர்ட்டுக்குப் போயிற்று. லண்டனில் இஸ்லிங்டன் நகரசபை 1905-ல் இரண்டு கடைக்காரர்கள் மீது, விஸ்கி என்று சொல்லி விஸ்கி அல்லாததை விற்றதாக வழக்குப் போட்டது. 1906-ல் மாஜிஸ்டிரேட் நகரசபை பக்கம் தீர்ப்புச் சொன்னார். அப்பீலில் நீதிபதிகள் ஒருமிக்கவில்லை. விஸ்கி என்றால் என்ன என்று நிர்ணயிக்க 1908-ல் ராயல் கமிஷன் ஒன்று அமைக்கப்பட்டு 1909-ல் அறிக்கை கொடுத்தது. மால்ட்டின் துணையால் சர்க்கரையாக்கப்பட்ட தானியக் கூழிலிருந்து வடிப்பது எல்லாம் விஸ்கிதான், எந்த வாலையில் வடித்தாலும் சரி என்பது அதன் முடிவு. கவனிக்க வேண்டிய விஷயம், இத்தனை வருஷம் பீப்பாயில் இருக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்த அந்தக் கமிஷன் சம்மதிக்கவில்லை. சாட்சிகளையெல்லாம் விசாரித்து முடித்தவர்களுக்கு வயது விஸ்கியின் லட்சணமாகப் படவில்லை.

லட்சணமாக்கியது யுத்தம். 1915-ல் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் குடி வேலையைக் கெடுக்கிறது என்று லாயிட் ஜார்ஜ் கவலைப்பட்டார். பூரண மதுவிலக்குக்கூட அவர் மனதில் இருந்தது. இளம் சாராயம்தான் ஆளை வெறியாக்குகிறது என்றொரு நம்பிக்கை அன்று பரவலாக இருந்தது. வடிசாலைக்காரர்களோடு ஏற்பட்ட சமரசத்தில், முதிராத சாராயத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் அந்த வருஷமே வந்தது: முதலில் 2 வருஷம், அடுத்த வருஷத்திலிருந்து 3. அந்த மூன்று இன்றும் ஸ்காட்ச்சின் இலக்கணம். குடியைக் குறைக்கப் போட்ட வேலி, நூறு வருஷத்தில் கோயிற் பிராகாரமாகிவிட்டது.

அமெரிக்காவிலும் கதை வேறில்லை. கலப்படத்துக்கு எதிராக 1897-ல் வந்த சட்டம், சர்க்கார் மேற்பார்வையில் குறைந்தது 4 வருஷம் இருந்த சரக்குக்கு முத்திரை கொடுத்தது. 1930-களின் பிற்பாதியில் பூர்பனைப் புதிய, கரித்த ஓக் கலத்தில்தான் வைக்கவேண்டும் என்றாயிற்று. ஒருமுறை உபயோகித்த பீப்பாய்கள் அங்கே வேண்டாதவையாகி, கப்பலேறி ஸ்காட்லாந்துக்குப் போயின. அதற்கு முன் ஸ்காட்லாந்துக்காரர்கள் நம்பியிருந்தது ஸ்பெயினிலிருந்து ஷெர்ரி ஒயின் வந்திறங்கிய காலிப் பீப்பாய்களை. ஷெர்ரியை ஸ்பெயினிலேயே புட்டியில் அடைப்பது என்று 1980-களில் ஆனதும், வடிசாலைக்காரர்களே பீப்பாய் செய்வித்து, அதில் ஷெர்ரியை ஊறவைத்துக் கொண்டுவர வேண்டியதாயிற்று. தற்செயலை இப்போது ஆர்டர் கொடுத்துச் செய்கிறார்கள். ஸ்காட்லாந்தின் தூய மரபு என்று நாம் சுவைப்பதில் பெரும்பகுதி அடுத்த தேசத்தாரின் உபயோகித்து முடித்த பீப்பாய்.

வட்டிக் கணக்குப் போட்டே பிழைக்கிறவன் என்பதால் இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. 100 ரூபாய் அடக்கத்தில் வடித்த சரக்கை 8 சதவீதக் கூட்டு வட்டியில் 12 வருஷம் முடக்கினால் 252 ரூபாய் ஆகிறது. தேவதைகளுக்குப் போக மிஞ்சுவது நூற்றுக்கு 78 பங்கு. ஆகவே பழைய அளவுக்கு அடக்கவிலை 321. 18 வருஷத்தில் இதே கணக்கு 575-ல் நிற்கிறது. மரமும் கூலியும் தீர்வையும் இன்னும் சேரவில்லை. வயதான விஸ்கியின் விலையில் ஏறியிருப்பதில் பெரும்பங்கு வட்டி. வட்டிக்கு ருசி கிடையாது.

அப்படியானால் தம்ளரில் இருப்பது என்ன? நான் மறுபடி மறுபடி குடித்துப் பார்த்த நாலைச் சொல்கிறேன்.

கென்டக்கியின் மேக்கர்ஸ் மார்க்: வயது எண் இல்லாதது. முதல் மிடறில் பாகு, உடனே வறுத்த தேங்காய்த் துருவல். கோதுமை சேர்த்ததன் மிருது நாக்கின் நடுவில் தங்குகிறது. ஆழம் அதிகமில்லை, ஆனால் பொய்யும் இல்லை. ஷெர்ரிப் பீப்பாயில் கிடந்த 12 வருஷ மெக்காலன்: பேரீச்சை, உலர்ந்த திராட்சை, சாத்தியே கிடந்த மர அலமாரியைத் திறந்தாற்போன்ற வாடை. முடிவில் ஒரு துவர்ப்பு. அந்தத் துவர்ப்பு இல்லாவிட்டால் அது வெறும் பலகாரம். ஐலே தீவின் 10 வருஷ லஃப்ரோய்க்: பீட் என்ற புல்கரியின் புகையில் காய்ந்த மால்ட். டிஞ்சர் அயோடினும் நனைந்த தாம்புக் கயிறும் அணைந்த அடுப்பும். சிலர் முதல் மிடறிலேயே தம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள். பொறுத்திருந்தால் புகைக்குப் பின்னால் அதே தேங்காயும் வெனிலாவும் மெல்ல எட்டிப் பார்க்கும். மேக்கர்ஸ் மார்க்கின் பழைய பீப்பாய்கள் அங்கேயும் போய்ச் சேருகின்றன. நாலாவது பெங்களூரின் அம்ருத் ஃப்யூஷன். இந்திய பார்லியும் ஸ்காட்லாந்தின் புகையேற்றிய பார்லியும் சேர்ந்தது. ஆரஞ்சுத் தோல், வெல்லப்பாகு, சுக்கின் காரம், தூரத்தில் யாரோ சருகு எரிக்கும் புகை. இதிலும் எண் இல்லை.

இந்த நாலில் நாக்கு அறிந்தவை மரம், தானியம், புகை, வெயில். எண்ணை நாக்கு எங்கும் சந்திக்கவில்லை.

அம்ருத்தின் விஷயம் இந்தச் சரித்திரத்தில் ஒரு திருப்பம். இந்தியாவில் விஸ்கி என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி கரும்பு ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்தில் ஆனது; ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று விற்க முடியாது. 1909-ன் இலக்கணம் இங்கே பல்லைக் காட்டுகிறது. அந்த இலக்கணத்துக்குள்ளேயே நின்று, பார்லி மால்ட்டில் செய்த விஸ்கியை அம்ருத் 2004-ல் கிளாஸ்கோவில் கொண்டுபோய் வைத்தது. பெங்களூர் வெயிலில் வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கும் மேல் ஆவியாகிறது. 10 என்றே வைத்தாலும் 5 வருஷத்தில் மிஞ்சுவது 59 பங்கு. 12 வருஷத்தில் 28. ஸ்காட்லாந்தின் எண்ணுக்கு இங்கே அர்த்தமில்லை. மரத்துக்கும் சாராயத்துக்கும் நடக்கும் வியாபாரம் இங்கே வேகமானது, நஷ்டமும் பெரிது. 2013-ல் வந்த அவர்களுடைய 8 வருஷச் சரக்குக்குப் பேராசைத் தேவதைகள் என்று பெயர் வைத்தார்கள். கணக்கு தெரிந்தவர்கள் வைத்த பெயர்.

வயதால் பிரயோஜனமே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பச்சைச் சாராயத்தை ருசித்தவன் அப்படிச் சொல்லமாட்டான். ஆனால் மரத்தில் அளவுக்குமேல் கிடந்த விஸ்கி கசக்கும்; பலகையைச் சப்பியதுபோல வாய் வறளும். வருஷம் தானாக எதையும் செய்வதில்லை. எதனுள் கிடந்தது, எந்தச் சீதோஷ்ணத்தில் கிடந்தது, எதை இழந்தது என்பவையே செய்கின்றன. நம்முடைய சங்கப் பாடல்களில் மூங்கிற் குழாயில் விளைந்த கள்ளும், நிலத்தில் புதைத்து முதிர்ந்த தேறலும் வருகின்றன. அந்தக் கவிகள் பெயர் சொல்லி நினைவில் வைத்தது மூங்கிலையும் மண்ணையும்.

இது சாராயத்தோடு நிற்கிற விஷயமாக எனக்குப் படவில்லை. ஒரு கவிதையைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே இரண்டாயிரம் வருஷத்து மரபு என்று எண்ணைக் காட்டுகிற விமர்சகர்கள் நம்மிடையே குறைவில்லை. அந்த இரண்டாயிரத்தில் எந்த மரம் இவன் வரியில் இறங்கியிருக்கிறது, எவ்வளவு இறங்கியிருக்கிறது, வரி அதைத் தாங்குகிறதா அல்லது பலகையாகக் கசக்கிறதா என்று அவர்கள் சொல்வதில்லை. அதைச் சொல்ல முதலில் வாயில் வைத்துப் பார்க்கவேண்டும். பாட்டிஸன் சகோதரர்களின் வாடிக்கைக்காரர்களும் பழையது, உயர்ந்தது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள், 1898 டிசம்பர் வரைக்கும்.