மில்லியன் டாலர் ஆர்ம்

பேஸ்பாலில் பந்தெறியத் தகுந்த இளைஞர்களைத் தேடி 2008-இல் இந்தியாவில் நடந்த தொலைக்காட்சிப் போட்டி. நடத்தியவர் அமெரிக்க விளையாட்டு முகவர் ஜே.பி. பெர்ன்ஸ்டைன். பார்த்தது வேகமும் குறியும்தான். உத்தரப்பிரதேசத்து ஈட்டி எறியும் வீரர் ரிங்கு சிங், இடக்கையால் மணிக்கு 87 மைல் வேகத்தில் எறிந்து 1 லட்சம் டாலர் வென்றார். அவரும் சக போட்டியாளர் தினேஷ் படேலும் அந்த ஆண்டு நவம்பரிலேயே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஒப்பந்தமானார்கள்.

வேகமானி காட்டுவது இன்றைய கையை மட்டுமே. பேஸ்பால் தேர்வாளர்கள் ஒவ்வொரு திறனுக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் இடுவார்கள். 50 என்பது உச்சநிலைத் தொடரான மேஜர் லீக்கின் சராசரி. அதையும் இன்று இருப்பது, நாளை எட்டக்கூடியது என இரண்டாகக் குறிப்பார்கள். வளைபந்து, வேகத்தைக் குறைத்து ஏமாற்றும் பந்து, கட்டுப்பாடு, தோளும் முழங்கையும் சுமையைத் தாங்கும் விதம் எல்லாம் கணக்கில் வரும். முன்பு பேஸ்பாலைத் தொட்டே அறியாத 20 வயதுக்காரருக்கு அந்த இரண்டாவது எண்ணைக் கணிப்பது மிகக் கடினம். படேல் 2010-இல் விடுவிக்கப்பட்டார். கீழ்நிலை லீக்குகளில் படிப்படியாக உயர்ந்த ரிங்குவைக் காயங்கள் நிறுத்தின.

கிரிக்கெட்டிலும் இப்படி ஒரு கணிப்பு உண்டு. சென்னை எம்.ஆர்.எஃப். வேகப்பந்து மையத்துக்கு 1987-இல் வந்த சிறுவன் சச்சினை, மட்டைவீச்சில் கவனம் வைக்கச் சொன்னார் அங்கு பயிற்சியளித்த டென்னிஸ் லில்லி. அதுவும் நாளை எட்டக்கூடியதைக் கணித்த மதிப்பீடே.