எஞ்சினுக்கு மூக்கு வைத்த சட்டம்

பெட்ரோல் கார் பிறந்து முக்கால் நூற்றாண்டுக்கு மேல் அதன் எஞ்சினில் சென்சார் என்று சொல்லத்தக்க எதுவும் பெரும்பாலும் இல்லை. கார்புரேட்டரின் குறுகலான கழுத்து வழியே காற்று பாயும்போது அங்கே அழுத்தம் குறையும். அந்தக் குறைவே பெட்ரோலை உறிஞ்சி இழுத்துக் கலக்கும். கலவை சரியா என்று எஞ்சினே கண்டறிய வழியில்லை. மெக்கானிக் காதைக் கொடுத்துக் கேட்டு, ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பி, ‘இப்போ சரி’ என்பார். ஓட்டுபவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பெட்ரோல் சற்றுக் கூடுதலாக எரிந்தால் வண்டி நின்றுவிடாது. சொல்லப்போனால் கொஞ்சம் கூடுதலாக எரியும் எஞ்சின் இன்னும் இதமாகவே இழுக்கும். ஆகவே, எஞ்சினைத் துல்லியமாக்கும் ஆசையிலும் மின்னணுவியல் மலிவானதாலும் சென்சார்கள் தாமாக வந்து சேர்ந்தன என்ற வழக்கமான விளக்கத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது: அந்தத் துல்லியத்தை யார் கேட்டார்கள்? ஓட்டுபவர் கேட்கவில்லை. கேட்டது சாலையோரத்தில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த ஊர். அதன் சார்பில் பேசியது சட்டம்.

கதை தொடங்கும் இடம் லாஸ் ஏஞ்சலிஸ். 1943 ஜூலையில் அந்த நகரத்தைக் கண்ணெரிச்சல் தரும் புகைமூட்டம் சூழ்ந்தபோது, போர்க்காலம் என்பதால் அது ஜப்பானியரின் விஷவாயுவாக இருக்குமோ என்றுகூடச் சிலர் அஞ்சினார்கள். உண்மையான காரணத்தைக் கண்டவர் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சு வேதியியலாளர். கால்டெக் பல்கலைக்கழகத்தில் அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். புகை ஆராய்ச்சிக்கு வந்தது ஒரு விலகல்தான். எரியாமல் தப்பும் பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் அவர் காட்டினார். கார் நிறுவனங்கள் இதை எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் 1970இல் அமெரிக்கா இயற்றிய தூய காற்றுச் சட்டம், புதிய கார்களின் மாசை ஐந்தாறு ஆண்டுகளுக்குள் 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. அதைச் செய்யும் கருவி அன்று எவர் கையிலும் முழுமையாக இல்லை.

பதிலாக வந்தது, புகைக்குழாயில் பொருத்தி மாசை அழிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். 1975 மாடல் கார்களில் வந்த முதல் வகை, கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் மட்டும் எரித்தது. நைட்ரஜன் ஆக்சைடையும் சேர்த்து மூன்றையும் அழிக்கும் வகைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தைச் சுற்றிய மிகக் குறுகிய இடைவெளியில்தான் அது மூன்றையும் அழிக்கும். காற்று கூடினால் நைட்ரஜன் ஆக்சைடு தப்பிவிடும். பெட்ரோல் கூடினால் மற்ற இரண்டும் தப்பிவிடும். காதும் ஸ்க்ரூவும் பிடித்துவைக்க முடியாத நுட்பம் அது. அதற்காகத்தான் பாஷ் நிறுவனம், லாம்டா சென்சார் என்ற ஆக்சிஜன் சென்சாரை உருவாக்கியது. 1976இல், 1977 மாடலாக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட வோல்வோ கார்களில் அது முதலில் விற்பனைக்கு வந்தது.

அதன் உள்ளே இருப்பது சிர்கோனியா என்ற பீங்கானால் ஆன, தையல் விரலுறை போன்ற ஒரு சின்னக் குப்பி. உள்ளும் புறமும் பிளாட்டினப் பூச்சு. உட்பக்கம் வெளிக்காற்று, வெளிப்பக்கம் எஞ்சின் புகை. சுமார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானதும் ஆக்சிஜன் அயனிகள் அந்தப் பீங்கானுக்குள் நகரத் தொடங்கும். இரு பக்கமும் ஆக்சிஜன் அளவு வேறுபட்டால் மின்னழுத்தம் பிறக்கும். இதற்கான சமன்பாட்டை வால்தர் நெர்ன்ஸ்ட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதிவிட்டார். பெட்ரோல் மிகுந்தால் ஏறத்தாழ 0.9 வோல்ட், காற்று மிகுந்தால் 0.1 வோல்ட். எவ்வளவு மிகுதி என்பதை இந்தப் பழைய வகை சரியாகச் சொல்லாது. எந்தப் பக்கம் மிகுதி என்பதை மட்டும் சொல்லும். கட்டுப்பாட்டுக் கருவி பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும், மறுபடி கூட்டும். ஓயாத இந்த ஊசலாட்டத்தின் சராசரி, வேண்டிய விகிதத்தில் வந்து நிற்கும்.

சென்சாரை வரவழைத்தது சட்டம்தான் என்ற இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழலாம். ஹோண்டாவின் 1975 சிவிக், சிறு முன்னறை ஒன்றில் தீமூட்டி, மெலிந்த கலவையை எரித்து, கன்வெர்ட்டரும் சென்சாரும் இல்லாமலே அன்றைய வரம்புக்குள் நின்றதே என்று கேட்கலாம். உண்மைதான், சட்டம் சென்சாரைக் கேட்கவில்லை, விளைவைத்தான் கேட்டது. ஆனால் 1981இல் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு மைலுக்கு 1 கிராமாக இறுகியபோது அந்த மாற்றுவழி குறுகிப்போனது. அதே ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் தன் அமெரிக்கப் பெட்ரோல் கார்களில் ஆக்சிஜன் சென்சாரோடு கூடிய கணினிக் கட்டுப்பாட்டைப் பரவலாகப் பொருத்தியது. இரண்டாவது, சில்லு மலிவானதுதான் காரணம் என்பது. இதற்கு ஐரோப்பாவே பதில். பாஷின் தாயகம் ஜெர்மனி. சில்லும் அங்கே கிடைத்தது, பொறியாளரும் இருந்தார்கள். ஆனால் ஐரோப்பியச் சந்தையின் சாதாரணக் கார்கள் 1980கள் முழுக்கப் பெரும்பாலும் கார்புரேட்டரோடு ஓடின. யூரோ 1 விதி 1992-93இல் கன்வெர்ட்டரைத் தவிர்க்க முடியாததாக்கிய பிறகே லாம்டா சென்சார் அங்கே எல்லாப் புதிய பெட்ரோல் கார்களுக்கும் வந்தது. அமெரிக்கச் சந்தைக்கும் ஐரோப்பியச் சந்தைக்கும் நடுவே வேறுபட்டது தொழில்நுட்பம் அல்ல, சட்டத்தின் தேதி.

மூன்றாவது மறுப்பு கியர்பாக்ஸிலிருந்து வருவது, வலுவானதும் அதுதான். தானியங்கி கியர்பாக்ஸ் புகையா விடுகிறது? அதற்கு ஏன் சென்சார்? 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் வந்த ஹைட்ராமேட்டிக் காலத்திலிருந்தே தானியங்கி கியர்பாக்ஸுக்கு உணர்வு உண்டு, ஆனால் எல்லாம் எண்ணெயில். சுழலும் கவர்னர் வேகத்தை எண்ணெய் அழுத்தமாக மாற்றும். ஆக்ஸிலரேட்டர் மிதி இன்னொரு அழுத்தத்தைத் தரும். இரண்டும் ஒரு வால்வின் இரு முனைகளில் மோதி கியரைத் தீர்மானிக்கும். அழகான ஏற்பாடு, பல பத்தாண்டுகள் உழைத்தது. அதை மாற்றும் தேவையைக் கூட்டியது இன்னொரு சட்டம்: 1975இல் இயற்றப்பட்ட அமெரிக்க எரிபொருள் சிக்கன விதி. 1978இல் கேலனுக்கு 18 மைல், 1985இல் 27.5 என்று சராசரி இலக்கு ஏறியது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியே இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் வழுக்கலில் வீணாகும் பெட்ரோலை மிச்சப்படுத்த, ஓடும்போதே அதைப் பூட்டும் கிளட்ச் வந்தது. அதை எப்போது பூட்டுவது, எப்போது விடுவிப்பது என்று முடிவெடுக்க வேகத்தின் மின்சமிக்ஞை கைகொடுத்தது. பல் சக்கரம் ஒன்று காந்தத்தின் முன் சுழல, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு துடிப்பு எழும்; அந்தத் துடிப்புகளை எண்ணினால் வேகம். இங்கே சுகமும் ஒரு காரணம் என்பதை மறுக்க வேண்டியதில்லை: 1969இலேயே ரெனோ 16இல் மின்னணு கியர் கட்டுப்பாடு இருந்தது. ஆனால் அது பரவலாகவில்லை.

சட்டத்தின் கைரேகை மிகத் தெளிவாகத் தெரிவது 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் கட்டாயமான, வண்டி தன் பழுதைத் தானே கண்டறியும் ஓபிடி-2 ஏற்பாட்டில். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இரண்டாவதாக ஒரு ஆக்சிஜன் சென்சார் வந்தது. வண்டியை ஓட்ட அது பெரிதாக உதவுவதில்லை; கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று கண்காணிப்பதே அதன் முதல் பணி. மாசு வரம்பின் ஏறத்தாழ ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடிய பழுது என்றால் டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிய வேண்டும் என்பது விதி. வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது, ஏன் விளக்கு எரிகிறது என்று குழம்புகிறவர்களுக்கு விடை இங்கே இருக்கிறது: அந்த விளக்கு முதன்மையாக ஓட்டுநருக்காக வைத்ததல்ல.

இந்தியாவிலும் வரிசை மாறவில்லை. 1995இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய கார்களுக்குக் கன்வெர்ட்டரும் ஈயமில்லாப் பெட்ரோலும் வந்தன. ஆனால் பைக்குகள் பெரும்பாலும் கார்புரேட்டரோடுதான் 2020 வரை ஓடின. கார்கள், பெட்ரோலை மின்னணுக் கட்டுப்பாட்டில் பீய்ச்சும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் நூறு சிசி வண்டிக்கு அது வரவில்லை, வாங்குபவரும் கேட்கவில்லை. 2020 ஏப்ரல் 1 அன்று பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதி வந்ததும், விலை சில ஆயிரம் ரூபாய் கூடி, ஆக்சிஜன் சென்சார் சாதாரண பைக்கின் சைலன்சர் குழாயிலும் ஏறியது. கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவி மாட்டிய சிறு பட்டறை மெக்கானிக்குகள் ஸ்கேனர் வாங்க வேண்டியதாயிற்று. தூய காற்றின் கணக்கைப் போடுகிறவர்கள் அந்தச் செலவை எந்தப் பத்தியிலும் எழுதுவதில்லை.