மோதேரா: குளம் முதலில், கோயில் அப்புறம்

ஆபீஸ் ஆணி புடுங்க அகமதாபாத் போன இடத்துல ஒரு ஞாயித்துக்கிழமை சும்மா கிடைச்சுது. ஞாயிறுன்னா சூரியன், அதனால சூரியன் கோயிலுக்கே போயிடலாம்னு பஸ் ஏறிட்டேன். (உண்மையான காரணம் வேற. ஹோட்டல் ரூம்ல இருந்தா டமேஜர் போன் பண்ணுவார்.)

மோதேரா, மெஹ்சானாவிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர். 2022 அக்டோபர் 9 அன்று இந்தியாவின் முதல் 24 மணி நேர சூரியசக்தி கிராமம்னு பிரதமர் அறிவிச்ச ஊர். செய்தி வந்தப்பவே எங்க டீம்ல ஒரு பெரிய சண்டை நடந்தது. "சூரியன் கோயில் இருக்கிற ஊர்ல சோலார் பேனல் மாட்டினா போட்டோ நல்லா வரும், அவ்ளோதான்"னு ஒருத்தன். எனக்கு உறுத்தினது போட்டோ இல்லை, அந்த 24 தான். பகல்ல சரி, ராத்திரி சூரியனுக்கு எங்கே போறது?

கொஞ்சம் பெரிய கொசுவத்தியா சுத்துவோம். நம்ம ஊர்ல ராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தில் இருந்த அதே காலத்தில், குஜராத்தை சோலங்கி வம்சத்து முதலாம் பீமன் ஆண்டான். மோதேரா கோயில் அவன் காலத்தது. கருவறையின் பின்சுவரில் விக்ரம ஆண்டு 1083 என்று ஒரு கல்வெட்டு இருக்கு, நம்ம கணக்குல 1026-27. வேடிக்கை என்னன்னா அந்தக் கல் தலைகீழா இருக்கு. வேற எங்கேயோ இருந்த கல்லை எடுத்து வெச்சுட்டாங்க போல. அதனால அது கோயில் கட்டின வருஷம்தானான்னு ஆய்வாளர்கள் இன்னும் அடிச்சுக்கறாங்க. கஜினி முகமது சோமநாதபுரத்துக்கு வந்துபோனதும் அதே சமயம்தான்.

உள்ளே சிலை கிடையாது, பூஜையும் கிடையாது. அந்தக் காலத்துப் படையெடுப்புகளில் போனது போனதுதான். இப்போ தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கு. சபா மண்டபத்துல 52 தூண், வருஷத்துக்கு 52 வாரம்னு கைடு கணக்கு சொன்னார். சரிங்கன்னு தலையாட்டினேன். ஆனா சுவர்ல இருக்கிற சூரியன் சிலைகளைக் கட்டாயம் பார்க்கணும். சாமி காலில் பூட்ஸ் போட்டிருக்கார்! மேற்காசியப் பக்கத்து வழக்கம், சூரியனோட கூடவே இங்கே வந்து சேர்ந்திருக்கு.

என்னை ரொம்ப நேரம் உட்கார வெச்சது கோயில் இல்லை, அதுக்கு முன்னால இருக்கிற சூரிய குண்டம். ஏறக்குறைய 176 அடிக்கு 120 அடி. நாலு பக்கமும் படிகள், படிகளுக்கு நடுவே குட்டிக் குட்டிக் கோயில்கள், 108 என்று சொல்றாங்க. சிற்ப பாணியை வெச்சுப் பார்த்தா குளம்தான் முதலில் வெட்டினது, கோயில் அப்புறம் வந்தது, முன்னால நிக்கிற சபா மண்டபம் அதுக்கும் அப்புறம்னு கலை வரலாற்றுக்காரங்க சொல்றாங்க. வட குஜராத்தில் மழை சில மாசம்தான், மிச்ச நாளெல்லாம் வெயில். அந்த ஊர்ல ஒருத்தன் எதை முதல்ல கட்டுவான்? சூரியன் தினம் தானா வந்துடும். தண்ணி அப்படி வராது, வரும்போது புடிச்சு வெச்சாதான் உண்டு.

பீமனோட ராணி உதயமதியும் இதையேதான் செஞ்சாங்க. பக்கத்துல பாடன் ஊர்ல ராணி கி வாவ், ஏழு அடுக்கு படிக்கிணறு. பின்னாளில் சரஸ்வதி ஆத்து வெள்ளத்துல மண் மூடிப் போய், தோண்டி எடுத்து, 2014ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பர்ஸ்ல புது நூறு ரூபாய் நோட்டு இருந்தா திருப்பிப் பாருங்க, அதேதான்.

அப்படியே ஆயிரம் வருஷம் தாவி 2012க்கு வந்துடுவோம். இதே மெஹ்சானா மாவட்டத்தில் சந்திராசன் என்ற ஊர்ல நர்மதா கிளைக் கால்வாய் மேல 750 மீட்டர் நீளத்துக்கு சோலார் பேனலைக் கூரையா போட்டாங்க. 1 மெகாவாட். மின்சாரமும் வரும், வெயில்ல தண்ணி ஆவியாகிறதும் குறையும். அதே மாசம் பாடன் மாவட்டத்து சாரங்காவில் பெரிய சோலார் பூங்காவும் திறந்தாங்க. ஆக மோதேரா திடீர்னு வானத்துல இருந்து குதிக்கலை.

மோதேராவில் செஞ்சது என்ன? வீடுகளும் அரசுக் கட்டடங்களுமா 1,300க்கு மேற்பட்ட மொட்டை மாடிகளில் ஆளுக்கு 1 கிலோவாட் பேனல். பக்கத்து சுஜ்ஜன்புராவில் தரையில் 6 மெகாவாட் நிலையம், கூடவே 15 மெகாவாட்-மணி பேட்டரி. மாடி பேனலைத்தான் எல்லா டிவியும் காட்டினாங்க. பொட்டி தட்டுறவன் புத்தி, நான் மொபைல்ல கால்குலேட்டரைத் திறந்துட்டேன்.

ஒரு கிலோவாட் பேனல் அந்த வெயிலுக்கு நாளைக்கு நாலு, அஞ்சு யூனிட் தரும். 1,300 மாடியும் சேர்ந்தா ஆறாயிரம் பக்கம். சுஜ்ஜன்புரா நிலையம் மட்டும் அதைப்போல நாலு மடங்குக்கு மேல. ராத்திரிக்கு அந்த 15 மெகாவாட்-மணி, அதாவது 15,000 யூனிட். 1,300ஆல் வகுத்தா தலைக்கு பதினொண்ணரை. பேட்டரியை அடிமட்டம் வரைக்கும் காலி பண்ணக் கூடாது, அதையும் கழிச்சாலும் ஃபேன், லைட்டு, டிவி, ஃபிரிட்ஜ் ஓடுற வீட்டுக்கு ராத்திரி தாராளமா தாங்கும். வீட்டுக்கு வீடு ஏசி வந்தா தாங்காது. ஆக, அந்த 24 பொய் இல்லை. ஆனா அதைத் தாங்குறது மாடி இல்லை, யாரும் போட்டோ எடுக்காத அந்த பேட்டரிதான். நாள் கணக்குல மேகம் மூடிக்கிட்டா வழக்கமான மின்தொடர் இருக்கவே இருக்கு.

இப்போ கசப்பான கணக்கு. திட்டச் செலவு 80 கோடி ரூபாய்க்குக் கொஞ்சம் மேல, மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி. 1,300ஆல் வகுத்தா ஒரு மாடிக்கு 6 லட்சத்துக்கும் மேல. 2024 பிப்ரவரியில் ஆரம்பிச்ச ஒரு கோடி வீடுகளுக்கான திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு மானியம் 30,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதுக்கு மேலயும் போட்டா 78,000. அதுல பேட்டரி கிடையாது. பகல்ல மிஞ்சினதை மின்தொடருக்குக் கொடுத்துட்டு, ராத்திரி அங்கேயிருந்தே வாங்கிக்கணும். ஒரு ஊருக்கு இது ஓகே. எல்லா ஊரும் பகல்ல கொடுத்துட்டு சாயங்காலம் ஆறரை மணிக்கு ஒண்ணா கையை நீட்டினா? மோதேராவில் அந்தக் கேள்விக்குக் காசு கொடுத்து பதில் வாங்கியிருக்காங்க. இன்னும் பத்துப் பதினஞ்சு வருஷத்துல அந்த பேட்டரிக்கு வயசாகும். அப்போ யார் காசு போடுவாங்கங்கறதுதான் என் கவலை. தூர் வாராத குளம் என்னாகும்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

கோயில் வாசல் டீக்கடைக்காரர்கிட்ட என் அரைகுறை ஹிந்தியில், "பாய், கரண்ட் பில் குறைஞ்சுதா?"ன்னு கேட்டேன். வீட்டுக்குக் குறைஞ்சுது, நல்லாவே குறைஞ்சுதுன்னார். கடைக்கு? சிரிச்சுட்டு மேலே கையைக் காட்டினார். தார்ப்பாய். பேனல் மாட்ட கூரை வேணுமே!

பழைய ஊர்ல பேனல் அசிங்கமா இருக்காதான்னு கேட்பீங்க. குளத்துப் படியில் இருந்து பார்த்தா எனக்கு ஒண்ணும் கண்ணில் படலை. தெருவுக்குள்ளே நடந்தா தண்ணி டேங்க், டிஷ் ஆன்டெனா, துணி காயப்போட்ட கொடி, இதுங்களோட பேனலும் ஒண்ணு. 2022 டிசம்பரில் இந்தக் கோயில் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது. அதனால பேனலை எல்லாம் கழட்டணும்னு யாரும் கிளம்பாம இருந்தா சரி.

பொழுது சாய்ஞ்சதும் கோயில் சுவர் மேல ஒளிக்காட்சி போடுறாங்க, அதுவும் சோலார்லதான். சூரியன் போய் அரைமணி ஆகியிருக்கும், பூட்ஸ் போட்ட சாமி மேல மஞ்சளா வெளிச்சம் விழுந்துச்சு. கடைசி பஸ் போயிடும்னு பாதியிலேயே எழுந்து ஓடி வந்துட்டேன்.