மொட்டை மாடி வென்ட் குழாய்: பராமரிப்பும் பாதுகாப்பும்

வென்ட் குழாய் என்பது வீட்டின் கழிவுநீர்க் குழாய்களையும் செப்டிக் டேங்கையும் வெளிக்காற்றோடு இணைத்து, கூரைக்கு மேலே திறந்த வாயுடன் நிற்கும் குழாய். தமிழ்நாட்டு வீடுகளில் இது பெரும்பாலும் 75 அல்லது 110 மி.மீ. பி.வி.சி. குழாய். செப்டிக் டேங்கிலிருந்து மட்டும் தனியே ஏறும் குழாய்க்கு 50 மி.மீ. விட்டமாவது வேண்டும் என்கிறது இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 2470. குழாயின் உச்சியில் கொசு புகாத கம்பி வலைக்கூண்டு இருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் உண்டு. வீடு கட்டுவோர் முதல் பாதியைச் செய்துவிட்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுவதே இங்கே வழக்கமாக இருக்கிறது.

குழாயின் வேலை இருவழிப்பட்டது. டேங்கில் உருவாகும் மீத்தேன், ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற வாயுக்கள் அதன் வழியே வெளியேறுகின்றன. கழிப்பறையில் ஃப்ளஷ் செய்யும்போது வெளிக்காற்று அதன் வழியே உள்ளே வருகிறது. காற்று வர வழியில்லாவிட்டால், வேகமாக இறங்கும் தண்ணீர் அருகிலுள்ள பி-டிராப், நானி டிராப் ஆகியவற்றில் நிற்கும் தண்ணீரையும் உறிஞ்சி இழுத்துக்கொண்டு போய்விடும். சுமார் 50 மி.மீ. ஆழம் நிற்கும் அந்தத் தண்ணீர்தான் நாற்றத்துக்கும் கரப்பான் பூச்சிக்கும் வீட்டுக்குள் தடை. ஃப்ளஷ் செய்ததும் குளியலறைத் தரையிலுள்ள நானி டிராப்பில் ‘களக் களக்’ என்று சத்தம் வந்தால், மாடியில் குழாய் வாய் அடைபட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பூட்டிக் கிடந்த வீட்டில் வரும் நாற்றம் வேறு. அங்கே டிராப்பில் இருந்த தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும்.

ஆக, குழாயின் வாய் காற்றுக்கு எப்போதும் திறந்திருக்க வேண்டும், உயிரினங்களுக்கு மூடியிருக்க வேண்டும். இந்த முரணைச் சமாளிப்பதுதான் வென்ட் குழாய்ப் பாதுகாப்பின் சாரம்.

உயிரினங்களில் முதலிடம் கொசுவுக்கு. க்யூலெக்ஸ் குயின்குஃபேசியேட்டஸ் என்னும் கொசு அழுக்குத் தண்ணீரைத் தேடி முட்டையிடுவது. யானைக்கால் நோயைப் பரப்புவதும் இதுவே. முட்டையிடத் தயாரான பெண் கொசு கழிவுநீரின் வாடையால் ஈர்க்கப்பட்டு, திறந்த குழாய் வழியே டேங்குக்குள் இறங்குகிறது. ஒரே தடவையில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளைப் படகு போல ஒட்டிய தொகுப்பாக நீர்ப்பரப்பில் மிதக்க விடுகிறது. நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ பத்து நாளில் அவை கொசுக்களாகி அதே குழாய் வழியே வெளியே வருகின்றன. தெருவில் மருந்துப் புகை அடித்தும் கொசு குறையாத பல இடங்களில், வலை கட்டாத வென்ட் குழாய்களும் அதற்கு ஒரு காரணம். ஜான்சிபார் தீவின் மகுண்டூச்சியில் 1980களின் இறுதியில், கழிப்பறைக் குழிகளின் நீர்ப்பரப்பில் தெர்மகோல் மணிகளைத் தூவி இந்தக் கொசுவைக் கட்டுப்படுத்தினார்கள். வீட்டுக்காரர் செய்யக்கூடிய எளிய காரியம் வலை கட்டுவதுதான்.

குழாய் வாயில் கட்டும் ஒரு துண்டு வலைக்கு எவ்வளவு பலன் உண்டு என்பதற்கு நல்ல சான்று ஆப்பிரிக்காவில் இருக்கிறது. இன்றைய ஜிம்பாப்வேயில் 1970களில் பீட்டர் மோர்கன் உருவாக்கிய ‘பிளேர்’ கழிப்பறையில், குழியிலிருந்து ஒரு குழாய் மேலே ஏறும். அதன் வாயில் வலை இருக்கும். கழிப்பறை அறை இருட்டாக இருப்பதால், குழியில் பிறந்த ஈக்கள் குழாய் உச்சியில் தெரியும் வெளிச்சத்தை நோக்கிப் பறந்து வலையில் மாட்டிச் சாகும். 78 நாள் நடந்த ஒப்பீட்டில், குழாய் இல்லாத கழிப்பறையிலிருந்து வெளிவந்த ஈக்கள் 13,953. குழாயும் வலையும் இருந்ததில் 146.

அடுத்தவை அணிலும் மைனாவும். பொந்து தேடும் இவற்றுக்கு, மேலே ‘டீ’ இணைப்போ கவுல் என்னும் மூடியோ மாட்டிய குழாய் மழை படாத இடமாகத் தெரிகிறது. தேங்காய் நார், பஞ்சு, கந்தல் துணி, பிளாஸ்டிக் தாள் என்று கொண்டுவந்து திணிக்கும். நார் ஈரமாகிக் கீழே சரிந்தால் வளைவில் போய் அடைத்துக்கொள்ளும். இதில் உயிர்களுக்கும் ஆபத்து உண்டு. பி.வி.சி. குழாயின் உட்புறம் வழவழப்பானது, நகம் பிடிக்காது. தவறி விழுந்த அணிலோ குஞ்சோ ஏறி வர முடியாமல் உள்ளேயே செத்துப்போகும். வலை கட்டுவது அவற்றையும் காப்பாற்றுகிறது. ஆனால் கூட்டில் குஞ்சு இருக்கும்போது வலை கட்டக் கூடாது. அவை பறந்துபோன பிறகே கூட்டை எடுக்க வேண்டும்.

வலையில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது கண் அளவு. அது 1.2 மி.மீ. இருந்தால் கொசு நுழையாது. அதைவிட நெருக்கமான துணியைக் கட்டினால் காற்றும் நுழையாது. பழைய வேட்டித் துண்டையோ, ஓட்டை போட்ட பாட்டில் மூடியையோ மாட்டுவது குழாயை அடைப்பதற்குச் சமம். அடுத்தது பரப்பு. வாயின் மேல் தட்டையாக இழுத்துக் கட்டிய கொசுவலையின் கம்பிகளே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடத்தை எடுத்துக்கொள்ளும். தூசியும் சிலந்தி நூலும் படிந்தால் மிச்சமும் குறையும். ஆகவே வலையை ஒரு சாண் உயரக் கூண்டாகவோ பையாகவோ செய்து மாட்டினால், ஒரு பக்கம் அடைத்தாலும் மறுபக்கம் காற்று போகும். மூன்றாவது வலையின் பொருள். நைலான் வலை வெயிலில் பொடிந்துவிடும். துத்தநாகப் பூச்சுக் கம்பியை டேங்க் வாயு அரித்துவிடும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். துருப்பிடிக்காத எஃகு வலைக்குச் செலவு சற்றுக் கூடினாலும் அதுதான் நிலைக்கும். எந்த வலையானாலும் மழைக்கு முன் ஒரு தடவை மாடிக்குப் போய்த் தட்டிச் சுத்தம் செய்தாக வேண்டும்.

குளிர் நாடுகளில் இந்த அறிவுரை மாறும். கழிவுநீரிலிருந்து எழும் ஈரக்காற்று உறைபனிக் காலத்தில் குழாய் வாயில் பனிக்கட்டியாகப் படிந்து அதை அடைத்துவிடும். மெல்லிய வலை அதை இன்னும் விரைவுபடுத்தும். அதனால் அமெரிக்காவின் குளிர் மாநிலங்களில் குழாயை அகலப்படுத்துகிறார்கள். அங்கே அணில் செய்யும் சேதமும் வேறு மாதிரி. சரிவுக் கூரையைக் குழாய் துளைக்கும் இடத்தில் போடும் மெல்லிய ஈயக் கழுத்துப்பட்டையைக் கொறித்தே ஓட்டையாக்கிவிடும்.

ஒழுகலைப் பற்றி ஒரு பொதுவான தவறான எண்ணம் உண்டு: குழாயின் திறந்த வாய் வழியே மழை இறங்கி வீடு ஒழுகுகிறது என்பது. 110 மி.மீ. குழாயின் வாயில் 100 மி.மீ. கனமழை முழுவதும் விழுந்தாலும் உள்ளே போவது ஒரு லிட்டருக்கும் குறைவு. அதுவும் நேரே டேங்குக்குத்தான் போகும். ஒழுகல் வருவது குழாயின் அடியில், அது தளத்தைத் துளைக்கும் இடத்தில்.

தளம் போட்ட பிறகு உளியால் கொத்தித் துளையிட்டு, குழாயை இறக்கி, சுற்றிலும் சிமென்ட் கலவை அப்புகிறார்கள். வழவழப்பான பி.வி.சி.யில் சிமென்ட் ஒட்டாது. வெப்பத்தில் பி.வி.சி. கான்கிரீட்டைவிடப் பல மடங்கு விரியும். மூன்று மீட்டர் குழாய் 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் சுமார் 6 மி.மீ. நீளும். தினமும் பகலில் நீண்டு இரவில் சுருங்கும் குழாயைச் சுற்றி மயிரிழை இடைவெளி விழுவது இயல்பு. போதாததற்குத் துணி காயப்போடும் கொடியின் ஒரு முனையை அதில்தான் கட்டுகிறோம். ஈரப் போர்வையின் பாரமும் காற்றும் குழாயை அசைத்து அடியை விடுவித்துவிடும். கேபிள் வயரைக் கட்டுவதாலும் இதே கேடுதான்.

அந்த இடைவெளியில் இறங்கிய தண்ணீர் தட்டோட்டுக்கு அடியிலுள்ள செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பில் தேங்கி நிற்கும். மழை விட்டு இரண்டு நாளானாலும் கீழே சொட்டுவதும், கறை குழாய்க்கு நேர் கீழே இல்லாமல் அடுத்த அறையில் தெரிவதும் இதனால்தான். மழையில்லாத நாளிலும் ஃப்ளஷ் செய்யும்போது சொட்டினால், குற்றம் தளத்தில் இல்லை, குழாய் இணைப்பில். சந்தேகம் தீர, குழாய் அடியைச் சுற்றிச் சிறு வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்தி, ஒரு நாள் கழித்துக் கீழே பார்க்கலாம்.

சரியான வேலை தளம் போடும்போதே தொடங்குகிறது. வென்ட் குழாயைவிட ஒரு சுற்றுப் பெரிய குழாய்த் துண்டைத் தளத்தில் பதித்து, அது முடிந்த தரைக்கு மேல் 150 மி.மீ. நிற்கும்படி விட வேண்டும். அதன் வெளிப்புறத்தில் சால்வென்ட் தடவி, காய்வதற்குள் உலர்ந்த மணலைத் தூவினால் சிமென்ட் பிடிக்கும். உள்ளே வென்ட் குழாயை இறக்கி, இடைவெளியில் நெகிழும் தன்மையுள்ள பாலியூரித்தேன் சீலன்ட் நிரப்ப வேண்டும். எம்-சீல் போல இறுகிவிடும் பொருள் அடுத்த கோடையில் வெடித்துவிடும். மேலே குழாயைச் சுற்றிக் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு வளையம் மாட்டினால் மழைநீர் வெளியே சொட்டிவிடும். தளத்தைத் துளைக்காமல் வெளிச்சுவரோடு ஏற்றி, கைப்பிடிச் சுவரில் கிளாம்ப் போட்டு நிறுத்த இடமிருந்தால் அதுவே எல்லாவற்றிலும் மேல்.

உயரமும் முக்கியம். ஆட்கள் புழங்கும் தட்டை மாடியில் வென்ட் குழாய் குறைந்தது 2 மீட்டர் நிற்க வேண்டும். வற்றல் காயவைக்கவும் கோடையில் படுக்கவும் மாடியைப் பயன்படுத்தும் நமக்கு இது மிகவும் பொருந்தும் விதி. அசிங்கமாகத் தெரிகிறது என்று முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டால், வாயு மூக்குக்கு நேராக வரும். வலையை எலியும் கடிக்கும்.

1970களில் ஸ்வீடனில் உருவான காற்று வால்வு, கூரையைத் துளைக்காமலே குழாய்க்குள் காற்றை விடுகிறது. ஆனால் அது உள்நோக்கி மட்டுமே திறக்கும். டேங்க் வாயுவை வெளியேற்றாது. செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் வானத்தைப் பார்த்த ஒரு குழாயாவது இருந்தே ஆக வேண்டும்.

அடைப்பு எடுப்பதற்கு மேலிருந்து ஹோஸ் பைப்பில் தண்ணீர் விட்டுப் பார்ப்பது முதல் படி. தண்ணீர் நின்றால் பிளம்பரின் ஸ்பிரிங் கம்பியை இறக்கலாம். அதற்கும் வழிவிடாவிட்டால் வளைவுக்கு மேலே குழாயை வெட்டி, எடுத்த பின் கப்ளிங் போட்டு இணைக்கலாம். டேங்க் மூடியைத் திறந்து ஆளை இறக்குவது மட்டும் எந்நிலையிலும் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அடர்ந்த இடத்தில் மூக்கு அதன் நாற்றத்தை உணரும் சக்தியையே இழந்துவிடும். உள்ளே போனவருக்கு எச்சரிக்கை எதுவும் கிடைக்காது. பாதுகாப்புக் கருவியின்றி ஒருவரைச் செப்டிக் டேங்கில் இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வேலைக்கு அழைத்த வீட்டுக்காரரும் அதற்குப் பொறுப்பு.