சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம், 1939

சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம், 1939 என்பது பிரித்தானிய இந்தியாவின் சென்னை மாகாணத்தில், சி. இராசகோபாலாச்சாரி (இராஜாஜி) தலைமையிலான காங்கிரசு அமைச்சரவையின் காலத்தில் இயற்றப்பட்ட வரிச் சட்டம் ஆகும். ஏதேனும் ஒரு பொருளுக்கு என்றில்லாமல், பொதுவாகப் பொருட்களின் விற்பனை மீது வரி விதித்த முதல் இந்தியச் சட்டம் இதுவே. மதுவிலக்கினால் மாகாண அரசு இழந்த வருவாயை ஈடுசெய்வது இதன் முதன்மை நோக்கமாக இருந்தது.

பின்னணி

கள், சாராயம் ஆகியவற்றின் மீதான ஆயத்தீர்வை மாகாண அரசின் முக்கிய வருவாய்களுள் ஒன்றாக இருந்தது. 1937 ஆம் ஆண்டு பதவியேற்ற இராஜாஜி அமைச்சரவை, அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியது. பின்னர் சித்தூர், கடப்பை, வட ஆற்காடு மாவட்டங்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. மதுவிலக்கு விரிவடைய விரிவடைய ஆயத்தீர்வை வருவாய் குறைந்தது.

1935 ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் பொருட்களின் விற்பனை மீது வரி விதிக்கும் அதிகாரத்தை மாகாணங்களுக்கு அளித்திருந்தது. நடு மாகாணம் 1938 இல் மோட்டார் எரிபொருள், மசகெண்ணெய் விற்பனைக்கு மட்டும் இவ்வரியை விதித்தது. சென்னை மாகாணம் 1939 இல் அதைப் பொது வரியாக்கியது. பொழுதுபோக்கு வரிச் சட்டமும் அதே ஆண்டில் இயற்றப்பட்டது.

வரி முறை

வணிகரின் ஆண்டு விற்றுமுதலின் மீது வரி கணக்கிடப்பட்டது. தொடக்க வீதம் அரை விழுக்காடு. சிறு வணிகர்களுக்கு விலக்கு இருந்தது. கைத்தறித் துணியை மட்டுமே விற்போருக்கும் விலக்கு அளிக்கப்பட்டது.

இது பலமுனை வரி ஆகும். அதாவது ஒரு பொருள் கைமாறும் ஒவ்வொரு முறையும் வரி விதிக்கப்படும். எடுத்துக்காட்டாக, ஏறத்தாழ 100 ரூபாய் மதிப்புள்ள மிளகாய் மொத்த வணிகர், இடைநிலை வணிகர், சில்லறை வணிகர் என மூவரால் விற்கப்பட்டால், மூன்று அரை விழுக்காடுகள் சேர்ந்து சுமார் ஒன்றரை ரூபாய் வரியாகும். இச்சுமை இறுதியில் வாங்குவோரையே சேர்ந்தது. பின்னர் வீதம் ரூபாய்க்கு மூன்று பைசா (பழைய நாணயக் கணக்கில் 192 பைசா ஒரு ரூபாய்) என்ற அளவுக்கு உயர்ந்தது.

திருநெல்வேலி மாவட்டம்

1939 இல் திருநெல்வேலி மாவட்டம் இன்றைய திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டப் பகுதிகளுள் பெரும்பாலானவற்றை உள்ளடக்கியிருந்தது. முதலில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்த நான்கு மாவட்டங்களுள் இது இல்லை. ஆனால் விற்பனை வரி மாகாணம் முழுவதற்கும் பொருந்தியது. எனவே தாமிரபரணிப் படுகையின் வணிகர்கள், தம் ஊருக்கு மதுவிலக்கு வரும் முன்னரே அதற்கான ஈட்டு வரியைச் செலுத்தத் தொடங்கினர். மேலப்பாளையம், வீரவநல்லூர் போன்ற நெசவு ஊர்களுக்குக் கைத்தறி விலக்கு முக்கியமானதாக இருந்தது.

அமைச்சரவை 1939 அக்டோபரில் பதவி விலகியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஆளுநர் ஆட்சியில், மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. எனினும் விற்பனை வரி நீக்கப்படவில்லை. போருக்குப் பின் மதுவிலக்கு மீண்டும் படிப்படியாக விரிவாக்கப்பட்டு, 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அதன் பின் திருச்செந்தூர் வட்டாரப் பனைத் தொழிலாளர்கள் கள் இறக்க இயலவில்லை. சுண்ணாம்பு இட்ட பதநீரையே இறக்க முடிந்தது.

நீதிமன்றத் தீர்ப்புகள்

உற்பத்தியாளரே செய்யும் முதல் விற்பனைக்கு வரி விதிப்பது, நடுவண் அரசுக்குரிய உற்பத்தித் தீர்வையில் தலையிடுவதாகுமா என்ற வினா போத்து பைதண்ணா வழக்கில் எழுந்தது. அது விற்பனை வரியே என்றும், மாகாணத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்றும் கூட்டாட்சி நீதிமன்றம் 1942 இல் தீர்ப்பளித்தது. 1945 இல் பிரிவி கவுன்சிலும் இக்கருத்தை உறுதி செய்தது.

வாக்காளர்களின் பங்கு

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா போன்ற மாநிலங்களில், உள்ளூர் விற்பனை வரியை உயர்த்த வாக்காளர்களின் நேரடி ஒப்புதல் தேவை. இந்தியாவில் அத்தகைய நடைமுறை இல்லை; வரியைச் சட்டமன்றமே முடிவு செய்கிறது. 1939 ஆம் ஆண்டுச் சட்டத்தை நிறைவேற்றிய சட்டமன்றம் அனைவருக்குமான வாக்குரிமையால் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. சொத்து, கல்வி போன்ற தகுதி உடையோரே 1937 தேர்தலில் வாக்களித்தனர். ஆனால் வரிச்சுமை கடையில் பொருள் வாங்கிய அனைவர் மீதும் விழுந்தது.

உள்ளாட்சி அமைப்புகளுக்கு விற்பனை வரி விதிக்கும் அதிகாரம் அளிக்கப்படவில்லை. 1994 இல் உருவான திருநெல்வேலி மாநகராட்சியும் சொத்து வரி, தொழில் வரி போன்றவற்றையும், மாநில அரசின் நிதிப் பகிர்வையுமே சார்ந்துள்ளது.

பிற்கால மாற்றங்கள்

இச்சட்டத்துக்கு மாற்றாக 1959 இல் புதிய பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. 2007 சனவரி 1 முதல் மதிப்புக் கூட்டு வரியும், 2017 சூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரியும் நடைமுறைக்கு வந்தன. சரக்கு மற்றும் சேவை வரியின் வீதங்களை நடுவண், மாநில அரசுகள் அடங்கிய மன்றம் பரிந்துரைக்கிறது.

இதனிடையே 1971 இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டு, பின் மீண்டும் கொண்டுவரப்பட்டு, 1981 இல் மறுபடியும் தளர்த்தப்பட்டது. மாநில அரசின் டாசுமாக் நிறுவனம் 2003 முதல் மதுவைச் சில்லறையாகவும் விற்று வருகிறது. பெட்ரோல், டீசல் முதலிய சில எரிபொருட்களும் மதுவும் சரக்கு மற்றும் சேவை வரிக்கு வெளியே உள்ளன. இவற்றின் மீது மட்டும் மாநில அரசு பழைய முறையில் விற்பனை வரி விதிக்கிறது. மது வருவாய்க்கு மாற்றாகத் தோன்றிய வரி, இன்று மதுவின் மீதே எஞ்சி நிற்கும் வரிகளுள் ஒன்றாக உள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

இந்தியாவில் மதுவிலக்கு
சென்னை மாகாணம்
மதிப்புக் கூட்டு வரி
திருநெல்வேலி மாநகராட்சி